புதியவர்கள் போட்ட கூடாரம்

குடும்பத்தோடு காட்டோரம் போய்க் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாலைந்து நாள் தங்கிவிட்டு வீடு திரும்பும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் எப்போது பெருவழக்காகத் தொடங்கியது என்று கேட்டால், ஓர் ஆண்டைச் சுட்டிச் சொல்ல முடியும். 1869 ஏப்ரலில் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் வேட்டையைப் பிழைப்பாகக் கொண்டவரோ நில அளவையாளரோ அல்லர். அந்நகரின் பார்க் தெரு தேவாலயத்தில் போதகராக இருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன் மர்ரே. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஏரியும் மலையும் அடர்காடுமாகப் பரந்து கிடக்கும் அடிராண்டாக் பகுதியில் கழித்த நாட்களை அவர் கதைகளாக எழுதியிருந்தார். கதைகள் சுவையானவை, மிகையும் கலந்தவை. ஆனால் வரலாற்றை நகர்த்தியது அவற்றுக்கு முன்னால் வைத்த நீண்ட முதற்பகுதி. எந்த ஊர்வரை ரயிலில் போவது, எங்கே இறங்கி வண்டி பிடிப்பது, எந்த மாதம் ஈத்தொல்லை குறையும், வழிகாட்டிக்கு என்ன கூலி, பெட்டியில் எதை வைப்பது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது என்றெல்லாம், காட்டையே பார்த்திராத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் அதில் எழுதியிருந்தார். முகாம் வாழ்க்கையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் தேர்ந்த காடோடிகளையும் ஆய்வுப் பயணிகளையும் நடுவில் நிறுத்துகிறார்கள். சான்றுகளைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. இந்த வழக்கத்தை வளர்த்தவர்கள், ஒன்றும் தெரியாமல் முதன்முறையாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள்தாம். அவர்களுக்காகத்தான் புத்தகங்கள் எழுதப்பட்டன, அடுப்புகள் செய்யப்பட்டன, பாதைகள் போடப்பட்டன. அவர்கள் செய்த பிழைகளிலிருந்துதான் விதிகள் பிறந்தன.

மனிதர் ஆதியிலிருந்தே கூடாரத்தில் வாழ்ந்தவர்கள்தாமே, இதற்குத் தொடக்க ஆண்டு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மந்தையை ஓட்டிச் செல்வோரும் படைவீரரும் வணிகக் கூட்டத்தாரும் கூடாரத்தில்தான் இரவைக் கழித்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே பல லட்சம் பேர் கித்தான் துணிக்கடியில் உறங்கினார்கள். ஆனால் வேறு வழியின்றித் தங்குவதும் விரும்பித் தங்குவதும் ஒரே வரலாற்றில் அடங்குவன அல்ல. தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையில் இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன. 1853-ல், ஒன்பது வயதுச் சிறுவனாக, பெற்றோருடன் வண்டித் தொடரில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தார். அது புதிய வாழ்வு தேடிப் போன ஏழைக் குடும்பங்களின் பயணம். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இல்லை. பின்னாளில் லண்டனில் தையற்கடை நடத்திய அதே ஹோல்டிங், மிதிவண்டியில் கட்டிச் செல்லத்தக்க எடை குறைந்த கூடாரத்தைத் தம் தொழிலறிவைக் கொண்டே வெட்டித் தைத்தார். 1901-ல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தொடங்கக் காரணமானார். 1908-ல் புதியவர்களுக்கென ஒரு கையேடும் எழுதினார். இரண்டாவது கூடாரத்துக்குப் பின்னால் பூட்டிவைத்த வீடும் விடுமுறைக் கணக்கும் இருந்தன. வீடு இருப்பவர் அதை விட்டு வெளியே தங்கப் பழகும்போதுதான், ‘எதை எடுத்துச் செல்வது’ என்ற கேள்வியே எழுகிறது. நான் பேசும் வரலாறு அந்தக் கேள்வியின் வரலாறு.

மர்ரேயிடம் அந்தக் கேள்விக்கு எவ்வளவு நுணுக்கமான விடை இருந்தது என்பதற்குப் பெண்களின் உடை பற்றி அவர் தந்த பட்டியல் ஒன்றே போதும். முகத்தையும் கழுத்தையும் மூடிக் கட்டிக்கொள்ள மெல்லிய மஸ்லின் வலை. மான்தோல் கையுறை, அதன் மணிக்கட்டில் தைத்து முழங்கைக்கு அருகே பொத்தான் போட்டுக்கொள்ளும்படியான தோல் உறை. மெத்தென்ற கம்பளித் தொப்பி. உள்ளே முழுக்கக் கம்பளி உடுப்பு. மழைக்கு ரப்பர் மேலங்கி. குட்டையான நடையுடுப்பும் அதனடியில் கணுக்காலில் பட்டி வைத்து இறுக்கிய தளர்ந்த கால்சட்டையும். வசதியுள்ள நகரத்துப் பெண்கள் தரையைத் துடைக்கும் நீளத்தில் பாவாடை அணிந்த காலம் அது. அக்காலத்துப் போதகர் ஒருவர் மனைவி, சகோதரி, தாய் ஆகியோரை மனத்தில் வைத்து, ஈ கடிக்காமலும் முள் கிழிக்காமலும் அவர்கள் எப்படி உடுத்துவது என்று இத்தனை அக்கறையோடு எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அடிராண்டாக்கின் கறுப்பு ஈ கோடைத் தொடக்கத்தில் கூட்டங்கூட்டமாக வந்து காதோரத்திலும் மணிக்கட்டிலும் கடித்து இரத்தம் வரவைக்கும். உறையைத் தைக்க வேண்டிய இடம் மணிக்கட்டு என்று அவர் குறித்துச் சொல்வது கடிபட்ட அனுபவத்திலிருந்து வருவது. மர்ரேக்கு முன்னும் அந்தக் காட்டுக்கு நகரத்தார் போயிருக்கிறார்கள். 1858-ல் எமர்சன், லூயி அகாசி உள்ளிட்ட அறிஞர்கள் ஃபாலன்ஸ்பி ஏரிக்கரையில் தங்கினார்கள். எமர்சன் துப்பாக்கி எடுத்து வருகிறார் என்று கேள்விப்பட்டுக் கவிஞர் லாங்ஃபெல்லோ வர மறுத்துவிட்டதாகக் கதை உண்டு. அந்தக் கூட்டத்தில் பெண்களும் இல்லை, குழந்தைகளும் இல்லை. பின்னால் வருவோருக்கு வழிமுறை எதையும் அவர்கள் எழுதி வைக்கவுமில்லை.

புத்தகம் வெளிவந்த கோடையிலேயே விளைவு தெரிந்தது. ரயில் நிறுவனங்களின் கால அட்டவணையும் வரைபடமும் சேர்த்துப் பயணிகளுக்கென ஒரு தனிப்பதிப்பு வந்தது. சில நூறு பேர் போய்வந்த காட்டுக்குச் சில ஆயிரம் பேர் குவிந்தார்கள். 1869-ன் கோடையோ மழையும் குளிருமாக அமைந்தது. விடுதிகளில் தரையில்கூடப் படுக்க இடமில்லை. வழிகாட்டிகள் போதவில்லை. காட்டுக் காற்றில் காசநோய் தீரும் என்று மர்ரே எழுதியிருந்ததை நம்பி வந்த நோயாளிகளில் சிலர் அங்கேயே இறந்தார்கள். பத்திரிகைகள் இந்தப் புதியவர்களுக்கு ‘மர்ரேயின் முட்டாள்கள்’ என்று பெயர் சூட்டின. மர்ரே புளுகர் என்றார்கள். அமைதியான காட்டைச் சந்தைக்கடை ஆக்கிவிட்டார் என்று பழைய வேட்டைக்காரர்கள் சினந்தார்கள். அவர் நியூயார்க் டிரிபியூனில் விரிவாகப் பதில் எழுதினார். கேட் ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் அதே கோடையில் அங்கே போய்த் தங்கி, பெண்களாலும் இது முடியும் என்று மேடைகளில் பேசி மர்ரேக்குத் துணைநின்றார். நோயாளிகள் விஷயத்தில் மர்ரேயின் மீது குற்றம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்ததே 1882-ல்தான் என்பது அவரது அறியாமையை விளக்குமே தவிர, உறுதியான குணம் என்று ஆசை காட்டியதை நியாயப்படுத்தாது. மற்ற ஏளனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கூடாரத்தை எந்தப் பக்கம் சாய்த்துக் கட்டுவது என்று தெரியாமல் போனவரை முட்டாள் என்று அழைத்தவர்களுக்கும் ஒருநாள் யாரோ சொல்லித் தந்திருப்பார்கள்.

சொல்லித் தந்தவர் அநேகமாக அடிராண்டாக் வழிகாட்டியாக இருப்பார். அன்று நாளொன்றுக்கு அவர் கூலி இரண்டரை டாலர். அதற்கு அவர் செய்த வேலையைக் கவனித்துப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும். படகு அவருடையது, துடுப்புப் போடுபவர் அவர், இரண்டு ஏரிகளுக்கு நடுவே நிலம் குறுக்கிட்டால் படகைத் தோளில் கவிழ்த்துச் சுமப்பவரும் அவரே. மாலையில் கரையேறியதும் நீர் வடியும் மேட்டைத் தேர்ந்து, முன்புறம் திறந்த ஒருசாய்ப்புக் குடிலை மரப்பட்டையால் எழுப்புவார். அதற்கு எதிரே நெருப்பு வளர்ப்பார். சூடு சாய்ப்பில் பட்டு உள்ளே திரும்ப வேண்டும், புகை மட்டும் மேலே போய்விட வேண்டும். பிறகு படுக்கை. பால்சம் ஃபிர் மரத்தின் நுனிக்கிளைகளை ஒடித்து, தண்டு கீழும் இலைநுனி மேலுமாகத் தலைமாட்டிலிருந்து வரிசை வரிசையாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்குவார். ஒழுங்காக அடுக்கினால் முதுகில் தண்டு குத்தாது, ஈரம் ஏறாது, இரவெல்லாம் மணக்கும். இந்த அறிவில் பெரும்பங்கு அந்தக் காட்டின் முதற்குடிகளுடையது. லாங் ஏரிப் பகுதியில் புகழ்பெற்றிருந்த வழிகாட்டி மிட்சல் சபாட்டிஸ் அபெனாகி இனத்தவர். வழிகாட்டிகள் முதுகில் சுமந்த கூடை, கருஞ்சாம்பல் மரத்தை அடித்து நார்ப்பட்டையாக உரித்து அம்மக்கள் முடைந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே, 1869-ன் முதற்பயணக் குடும்பம் உண்மையில் செய்த திட்டம் ஒன்றே ஒன்றுதான்: நல்ல வழிகாட்டியைப் பிடிப்பது. அவர் கிடைத்தவர்கள் மகிழ்ந்து திரும்பினார்கள். கிடைக்காதவர்கள் நனைந்து, கடிபட்டு, ஏளனத்துக்கும் ஆளானார்கள்.

அடுத்த 60 ஆண்டுகளின் கதையை, இந்த வழிகாட்டியின் அறிவு ஒவ்வொன்றாகப் பிரிந்து புத்தகத்துக்கும் பொருளுக்கும் இடத்துக்கும் குடிபெயர்ந்த கதை என்று நான் வாசிக்கிறேன். புத்தகம் முதலில் வந்தது. உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஜான் மீட் கூல்ட் 1877-ல், இளைஞர்கள் அதிகச் செலவின்றி நடந்து போய்த் தங்குவதற்கு ஒரு கையேடு எழுதினார். ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸின் நூல் 1884-ல் வந்தது. துன்பப்படுவதற்காகக் காட்டுக்குப் போகத் தேவையில்லை, அதற்கு நகரமே போதும் என்பது அவர் நிலைப்பாடு. 1906-ல் ஹோரஸ் கெப்ஹார்ட் எழுதியது இவற்றில் பெரியது. அவர் செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்தவர். நூலகருக்குரிய பொறுமையோடு எடை, அளவு, சமையல், முடிச்சு எல்லாவற்றையும் திரட்டி வைத்தார். இந்நூல்களின் ஆசிரியர்கள் தேர்ந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் எதிரே உட்கார வைத்துக்கொண்ட வாசகர் புதியவர். தேர்ந்தவருக்குக் கையேடு தேவையில்லை என்பதால், கையேடு என்ற வகையே புதியவர் இல்லாமல் தோன்றியிருக்காது.

பொருளுக்கு மாறியது மோட்டார் கார் வந்தபின். 1908-ல் 850 டாலருக்கு விற்கத் தொடங்கிய ஃபோர்டின் மாடல் டி, 1925-ல் 260 டாலருக்கு இறங்கியது. யோசெமிட்டி பூங்காவுக்குள் 1913-ல் கார்களை அனுமதித்தார்கள். ரயிலும் வண்டியும் விடுதியும் வழிகாட்டியும் சேர்ந்து கரைத்த பணம் மிச்சமானதால், குமாஸ்தாவும் ஆசிரியரும் கடைக்காரரும் பிள்ளைகளோடு கிளம்ப முடிந்தது. ஃபோர்டும் எடிசனும் டயர் முதலாளி ஃபயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் கூடிப் போன முகாம் பயணங்களைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன, 1921-ல் அதிபர் ஹார்டிங்கே வந்து சேர்ந்துகொண்டார். ஆசையைத் தூண்டியதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் சமையற்காரரோடும் பணியாட்களோடும் போன அந்தக் கோடீசுவரர்கள் சாதாரணக் குடும்பத்துக்கு முன்மாதிரி ஆகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது, நனைந்த விறகில் தீ மூட்டத் தெரியாதவரும் பற்றவைக்கக்கூடிய அடுப்பு. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வில்லியம் காஃபின் கோல்மேன் 1914-ல் காற்றடித்து எரிக்கும் பெட்ரோல் விளக்கையும், 1923-ல் பெட்டிபோல் மடித்து வைக்கும் அடுப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கும் தெருக்கூத்துக்கும் வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் வேலை செய்த விதம்தான் அந்த விளக்குக்கும்: கீழ்த் தொட்டியில் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றினால், எரிபொருள் ஆவியாகிச் சல்லாத்துணி மேண்டிலில் வெண்மையாக எரியும். மேண்டிலின் துணி முதல் தீயிலேயே கருகி, ஆக்சைடுகளாலான சாம்பற்கூடு மட்டும் மிஞ்சும்; விரல் பட்டால் உதிர்ந்துவிடும். மேட்டுப் பள்ளத்தில் குலுங்கும் காரில் விளக்கைக் கொண்டுபோகிறவர் மாற்று மேண்டிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதற்பயணப் பட்டியலில் ஏறிய இப்படிப்பட்ட ஒவ்வொரு பொருளும் வழிகாட்டியின் ஒரு வேலையைத் தன்மேல் எடுத்துக்கொண்டது. காற்றடைத்த மெத்தை பால்சம் படுக்கைக்கும், தகர டப்பா உணவு அவர் பிடித்த மீனுக்கும், அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்த கூடாரம் அவர் தேர்ந்த மேட்டுக்கும் ஈடாயின.

எல்லாம் கடைக்காரர்கள் செய்த வேலை, தேவையற்ற பொருளை விற்பதற்காகவே ‘புதியவர்’ என்றொரு வாடிக்கையாளரை உருவாக்கினார்கள் என்ற வாதமும் உண்டு. வணிகத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நிகழ்ந்த வரிசை அந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. 1869-ல் மக்கள் திரண்டபோது அவர்களுக்கென்று ஒரு தொழிலே இல்லை. அதனால்தான் அத்தனை அவதி. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘தகர டப்பா சுற்றுலாவினர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு சங்கம் கூடியது. காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதே அவர்கள் அடையாளம். பழைய காரின் பக்கவாட்டில் படுதாவைக் கட்டித் தாங்களே குடில் அமைத்தவர்கள் அவர்களில் ஏராளம். கடைச்சரக்கு அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்தது. நகராட்சிகளும் அப்படியே. சாலையோரத்து வயல்களிலும் பள்ளிக்கூட முற்றங்களிலும் குடும்பங்கள் கூடாரம் அடித்து, குப்பையைப் போட்டு, கிணற்றை அசுத்தப்படுத்தியதைக் கண்ட பிறகுதான் ஊர்கள் இலவச முகாம்களைத் திறந்தன. டென்வர் நகரின் ஓவர்லேண்ட் பூங்கா 160 ஏக்கரில் 800 இடங்கள் கொண்டதாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே பல ஊர்கள் இரவுக்கு 50 சென்ட் அளவில் கட்டணம் வைத்தன. பராமரிப்புச் செலவு ஒரு காரணம். வேலை தேடி அலையும் ஏழைகள் உள்ளே தங்கிவிடக் கூடாது என்பது மற்றொரு காரணம். வேறு வழியின்றிக் கூடாரத்தில் இருப்பவரையும் விரும்பி இருப்பவரையும் பிரிக்க ஒரு டாலருக்கும் குறைவான நாணயம் போதுமானதாக இருந்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் குறிக்கிறேன்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு காட்டைப் பற்றியது. இந்தப் புதியவர்கள் காட்டை அழித்தார்களே என்பது. 1920-களில் அதற்குக் கண்கூடான சான்று இருந்தது. அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தவர் எமிலியோ மைனக்கே. அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளர். கலிபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் பட்டுப்போகும் மரங்களை அவர் ஆராய்ந்தபோது குற்றவாளியாகக் கோடரி சிக்கவில்லை, காலடிதான் சிக்கியது. ஆயிரக்கணக்கானவர் மிதித்து, கார்கள் மரத்தடிவரை ஏறி, மண் இறுகிப்போகிறது. இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. மேலாகப் பரவும் மெல்லிய வேர்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. மரமோ உடனே சாய்வதில்லை; பல ஆண்டு கழித்து உச்சி காயும்போது, காரணமானவர்கள் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள். இதைக் கண்டவர் ஆட்களை விரட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மைனக்கே அப்படிச் சொல்லவில்லை. அவர் கணக்கில் முதல் எதிரி கார். மனிதர் நடக்கும் பாதைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, கார் மட்டும் விட்ட இடமெல்லாம் ஏறும். ஆகவே 1932-ல் அவர் வகுத்த முகாம் கொள்கையில், ஒருவழிப் பாதை வளையமாகச் சுற்றிவரும். ஒருவழி என்பதால் அது குறுகலாக இருந்தால் போதும். பாதையிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் காரை நிறுத்த ஒரு கிளை பிரியும். பெரிய பாறைகளும் மரக்கட்டைகளும் கார் அதைத் தாண்டாமல் தடுக்கும். மேசையையும் அடுப்பையும் நகர்த்த முடியாதபடி ஊன்றிவிட்டால், கால்கள் அவற்றைச் சுற்றி மட்டுமே மிதிக்கும். ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் புதர்களை விட்டுவைத்தால் மண்ணும் பிழைக்கும், குடும்பங்களுக்கு மறைவும் கிடைக்கும். 1933-ல் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையின் இளைஞர்கள் நாடு முழுக்க இந்த வடிவத்தில் முகாம்களைக் கட்டினார்கள்.

மைனக்கேயின் திட்டத்தில் என்னை ஈர்ப்பது, அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை என்பது. வருகிறவருக்குக் காட்டைப் பற்றி எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, தெரியாதவரும் கெடுதல் செய்ய முடியாதபடி தரையை அமைத்தார். இடத்தைத் தேரும் வழிகாட்டியின் அறிவு இப்போது நிலத்திலேயே பதிந்துவிட்டது. தேர்ந்தவர்கள் மட்டுமே போயிருந்தால் காடு பிழைத்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். அவர்கள் கலை பச்சைமரத்தை வெட்டுவதில் நின்றது. ஒரு படுக்கைக்கு எத்தனை கிளை ஒடிபடும், ஒரு சாய்ப்புக்கு எத்தனை மரம் பட்டை உரிபடும் என்று பார்த்தால், காட்டில் பத்துப் பேர் இருந்தவரைதான் அந்தக் கலை தாங்கும். கூட்டம் பெருகியபோது கிளை ஒடிப்பது தடைசெய்யப்பட்டது. கடையில் மெத்தையும் அடுப்பும் வாங்கி வந்த புதியவர் தலைக்குத் தலை காட்டிலிருந்து எடுத்துக்கொண்டது, பழைய வேட்டைக்காரர் எடுத்ததைவிடக் குறைவு. வளையப்பாதை முகாமில் தங்குவது காட்டில் தங்குவதே ஆகாது, அது வேறொரு புறநகர்த் தெரு என்பாரும் உண்டு. வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் வளையம் மிதிபட்டதால்தான் வளையத்துக்கு வெளியே இருந்த பரப்பு மிதிபடாமல் தப்பியது. 1964-ல் வந்த வனாந்தரச் சட்டத்தின் வழியே பாதையற்ற பெருங்காடுகளுக்குப் பாதுகாப்புக் கேட்ட தலைமுறையில், சிறுவயதில் இப்படிப்பட்ட முகாமில் முதன்முறை விண்மீன் பார்த்தவர்கள் கணிசமானோர் இருந்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு.

இன்னொரு மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். குடும்ப முகாம் என்பது பெண்ணின் சமையலறையை மரத்தடிக்கு மாற்றியதுதானே என்பது. மர்ரே காலத்துப் பயணத்தில் சமைத்தவர், பாத்திரம் கழுவியவர், படுக்கை போட்டவர் வழிகாட்டி. அதாவது கூலி பெற்ற ஓர் ஆண். 1869-ல் காட்டுக்குப் போன நகரத்துப் பெண்ணுக்கு அது வீட்டு வேலையிலிருந்து கிடைத்த மெய்யான விடுப்பு. கார் வந்து வழிகாட்டி மறைந்ததும், அவர் கைவேலைகளில் கூடாரமும் நெருப்பும் கணவர்களிடம் போயின, மூன்று வேளைச் சாப்பாடும் ஈரத்துணியும் பிள்ளைகளும் மனைவிகளிடம் வந்தன. புதிய பொருட்கள் அவர்கள் சுமையைக் குறைத்தன என்று விற்பவர்கள் சொன்னார்கள். மடிப்பு அடுப்பில் மண்டியிடாமல் சமைக்கலாம் என்பது உண்மைதான், ஆனாலும் சமைப்பவர் மாறவில்லை. வேலைப் பங்கீட்டையும் பயணத்திட்டத்தில் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும் என்ற உணர்வு, வழிகாட்டிக்குக் கூலி கொடுத்த காலத்தில் தேவைப்படவில்லை. அவர் போனபின் ஒவ்வொரு குடும்பமும் அதைத் தானே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் பேசவே இல்லை.

புதியவர்களே இந்த வழக்கத்தை வளர்த்தார்கள் என்னும்போது, யாரெல்லாம் புதியவராக இருக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் அவானீச்சி மக்களை 1851-ல் படை நுழைந்து துரத்தியது. திரும்பி வந்து தங்கியவர்களின் கடைசிக் குடியிருப்பு 1969-ல் அழிக்கப்பட்டது. விரும்பித் தங்கும் கூடாரங்களுக்கு இடம் ஒதுக்கிய அதே பள்ளத்தாக்கில், தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் வீட்டுக்கு இடமில்லாமல் போனது. கறுப்பினக் குடும்பங்களின் நிலை வேறு வகையானது. அவர்களும் கார் வாங்கினார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் அவர்களது திட்டம் கூடாரத்திலும் அடுப்பிலும் தொடங்கவில்லை. எந்தப் பம்பில் பெட்ரோல் ஊற்றுவார்கள், எந்த ஊரில் இரவு தங்கினால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதில் தொடங்கியது. ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் வெளியிடத் தொடங்கிய பயணக் கையேடு இந்தக் கேள்விகளுக்குத்தான் விடை தந்தது. மர்ரேயின் கையேட்டில் ஈக்கு எதிராக உறை தைக்கச் சொல்லியிருந்த இடத்தில், இந்தக் கையேட்டில் முகவரிகள் இருந்தன.

வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1930-களின் இறுதியில் கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மலையில் தனி முகாம் அமைத்தார்கள். மைனக்கேயின் வடிவம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். வேறுபாட்டைச் சொன்னது வாயிலில் இருந்த பலகை. உள்துறை அமைச்சர் ஹெரால்ட் இக்கீஸுக்கு ஆலோசகராக இருந்த வில்லியம் டிரென்ட், கூட்டாட்சி அரசின் பணத்தில் நடக்கும் பூங்காவில் இந்தப் பிரிவினை கூடாது என்று விடாமல் வாதிட்டார். கறுப்பினத்தவர் முகாம்களுக்கு அதிகம் வருவதில்லையே, கேட்காதவர்களுக்கு எதற்கு வசதி என்பது பூங்கா அதிகாரிகளிடமிருந்து வந்த பதில்களுள் ஒன்று. வரவேற்பு இருக்குமா என்று தெரியாத இடத்துக்கு ஒரு தந்தை பிள்ளைகளை முதன்முறையாக அழைத்துப் போகமாட்டார் என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளைக் குடும்பங்களிலும் 1868 வரை அதிகம் பேர் போகவில்லை. யாரோ ஒருவர் வாருங்கள் என்று சொல்லி, வழியும் சொன்ன பிறகுதான் போனார்கள். டிரென்டின் வாதம் போர்க்கால ஆண்டுகளில் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஷெனண்டோவாவில் பிரிவினை முழுமையாக நீங்க 1950 ஆயிற்று. லூயிஸ் மலை முகாம் இன்றும் நடக்கிறது, அந்தப் பூங்காவின் முகாம்களில் அதுவே சிறியது. இப்போது யார் வேண்டுமானாலும் அங்கே இடம்பிடித்துக் கூடாரம் அடிக்கலாம்.